பினாங்கு ஈரத்தில் பழைய பிரிட்டிஷ் மரச்சாமான்: வாங்குவதும் மீட்பதும்

1950, 60-களில் பிரிட்டனில் செய்த மேசை நாற்காலிகளைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் கையேடுகள் அங்குள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும், காற்று காய்ந்து கிடக்கும். மரத்துக்குள் இருக்கும் ஈரம் நூற்றுக்கு 8, 10 என்ற அளவில் நிற்கும். பினாங்கில் சன்னலைத் திறந்துவைத்த வீட்டில் அதே மரம் சுமார் 16 வரை ஈரம் குடித்துவிடும். பிறகு யாரோ குளிர்சாதனத்தைப் போடுவார்கள், மறுபடி சுருங்கும். மூட்டு ஆடுவது, இழுப்பறை இறுகுவது, பூசணம் பூப்பது, பூச்சி விழுவது எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஈரம்தான். ஆகவே அந்தக் கையேடுகளில் உள்ள பசை, எண்ணெய், உலரும் நேரம் எதையும் அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

ஜெலுத்தோங்கில் சீனத் தச்சர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவன் நான். இன்று என் வீட்டுக் கார் நிறுத்துமிடமே பட்டறை. கீழே சொல்பவை இந்த ஊர்க் காற்றில் நிலைத்த முறைகள்.

எங்கே தேடுவது, எதை நம்புவது

இந்தச் சாமான்கள் நம் பக்கம் வந்த வழி தெரிந்தால் தேடும் இடமும் தெரியும். தோட்டத் துரைமார் பங்களாக்களுக்குக் கப்பலில் வந்தவை ஒரு பங்கு. 1957-இல் நாடு விடுதலை பெற்ற பிறகு துரைமார் ஊர் திரும்பினார்கள். பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்கும் தோட்டத் துண்டாடல் நடந்தது. அதில் நம் மக்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலம் கைமாறிய அந்த நாட்களில் பங்களாச் சாமான்களும் கைமாறின. கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுக்கும் டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த நாற்காலிகளைச் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இன்றும் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த் விமானத் தளம் இன்னொரு வழி. முதலில் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே இருந்தது. 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலியர் கைக்கு வந்து 1988 வரை அவர்களிடம் இருந்தது. அதனால் பினாங்கில் 'பார்க்கர்' என்ற லேபிளைப் பார்த்தால் நிதானியுங்கள். பார்க்கர் சிட்னி நிறுவனம். பார்க்கர் நோல் பிரிட்டிஷ் நிறுவனம். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் ஒன்றின் விலையை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வகை இங்கேயே பிறந்தது. அரசாங்கக் குடியிருப்புகளுக்காகப் பொதுப்பணித் துறை பிரிட்டிஷ் பாணியில் உள்ளூர்த் தச்சர்களிடம் செய்வித்த சாமான் அது. இவற்றை மட்டமாகப் பேசுவோரை எனக்குப் பிடிக்காது. பல நேரங்களில் மரம் உசத்தி. பிரித்தறிய ஒரு வழி: அலமாரியைத் தூக்கிப் பாருங்கள். பக்கம், முதுகு, இழுப்பறை அடி எல்லாமே கெட்டித் தேக்கு என்றால் அது பெரும்பாலும் பிரிட்டனில் செய்ததல்ல. 60-களின் பிரிட்டிஷ் அலமாரியில் தேக்கு பெரும்பாலும் மேல்தோல்தான்: ஒட்டுப்பலகை அல்லது சிப்போர்டின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெனீர். கைப்பிடியும் விளிம்பும் காலும் மட்டும் கெட்டி மரமாக இருக்கும்.

நேரில் பார்த்துக் கண் பழக, ஜோர்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையில் போங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை இருக்கிறது. பெரிய சாமான் அங்கே குறைவு. அவை வீடு காலி செய்யும்போதுதான் வெளியே வரும், அதற்குச் சொல்லிவைத்த ஆட்கள் வேண்டும்.

முத்திரைகள்

அதிகம் கண்ணில் படுபவை இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற ஊரின் சாமான்கள். எர்கால் நிறுவனத்தை லூசியன் எர்கொலானி 1920-இல் அங்கே தொடங்கினார். 1944-இல் அரசு ஒரு லட்சம் மலிவு விண்ட்சர் நாற்காலி (கெட்டிப் பலகை இருக்கையில் காலும் முதுகுக் குச்சிகளும் செருகிய வகை) கேட்டபோது, எல்ம் மர இருக்கையும் நீராவியில் வளைத்த பீச் மரச் சட்டமுமாக அவர் கண்ட முறைதான் பின்னால் வந்த எர்கால் நாற்காலிகளுக்கெல்லாம் அடிப்படை. இருக்கையின் அடியில் பி.எஸ். என்ற எழுத்துகளும் 1960 என்ற எண்ணும் அச்சாகியிருந்தால், அதைச் செய்த ஆண்டு என்று விற்பவர் சொல்வார். அது ஆண்டு அல்ல, பிரிட்டிஷ் தர நிர்ணயத்தின் எண்.

அதே ஊரின் ஈ. கோம் நிறுவனம் 1953-இல் ஜி பிளான் என்ற பெயரில் ஒரே குடும்பச் சாமானாகத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கும் வகையைக் கொண்டுவந்தது. தொடக்க காலத்தவற்றில் இழுப்பறைக்குள் பொன்னிற முத்திரை, பிந்தியவற்றில் சிவப்பு லேபிள். ஸ்காட்லாந்தின் கர்க்காடியில் செய்த மெக்கின்டாஷ் அலமாரிகள் இங்கே அபூர்வம். வெனீரின் வரி கதவுக்குக் கதவு தொடர்ந்து ஓடும் அழகுக்காகவே அவற்றை நான் முதலில் கேட்பேன். சி சி 41 என்று வட்ட வடிவில் முத்திரை இருந்தால், அது போர்க்காலச் சிக்கனத் திட்டத்தின் சாமான். 1952-இல் அத்திட்டம் முடிந்தது.

பிரிட்டனிலிருந்து நேரே வரவழைப்பவர்கள் இரண்டு சங்கதி தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1988-இல் அங்கே மெத்தைச் சாமான்களுக்குத் தீத்தடுப்பு விதி வந்தது. பழைய மெத்தைகள் அதற்குப் பொருந்தாததால் பலர் வெறும் சட்டத்தைத்தான் விற்கிறார்கள், அது குறையல்ல. பிரேசில் ரோஸ்வுட் என்று சொன்னால் கப்பலேற்றும் முன் அனுமதிச் சான்று கேளுங்கள். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

காசு கொடுக்கும் முன்

விரல் முட்டியால் பக்கப் பலகைகளைத் தட்டிக்கொண்டே போங்கள். தேக்கைக் கரையான் தொடாது என்ற நம்பிக்கையில் பலர் ஏமாறுகிறார்கள். தொடாதது முற்றிய தேக்கின் வைரத்தை மட்டும். உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகையைத் தின்று, வெனீரை மட்டும் ஓடாக விட்டுவைக்கும். முதுகுப் பலகையின் கீழ் ஓரமும் கால் பொருந்தும் இடமும் முதலில் போகும்.

எர்கால் நாற்காலியில் பார்க்க வேண்டியது எல்ம் இருக்கையின் வெளிர்நிறப் பகுதி. வைரம் பாயாத அந்த மரத்தில் பூச்சிக்குப் பிடித்த மாவுச்சத்து இருக்கிறது. நாற்காலியைக் கறுப்புத் துணி மேல் வைத்துத் தட்டுங்கள். மாவு போன்ற வெளிர்த்தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து உள்ளே கறுத்திருந்தால் பெரும்பாலும் பழைய கதை. 1960-களின் இறுதியிலிருந்து பரவிய நோயில் பிரிட்டனில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் செத்தன. அந்த அகலப் பலகை இனிக் கிடைப்பது அரிது என்பதால், பூச்சி விழுந்த இருக்கையையும் நான் தள்ளுவதில்லை. போரான் கரைசலை மெருகு பூசாத அடிப்பக்கத்தில் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஊறவிட்டு, உலர்ந்ததும் மறுபடி தடவுவேன். பிறகும் சில வாரம் மற்றச் சாமான்களிலிருந்து தள்ளியே வைத்திருப்பேன்.

இழுப்பறை இறுகியிருந்தால் கவலைப்படாதீர்கள், இழைப்புளியையும் எடுக்காதீர்கள். காற்றோட்டமான நிழலில் கிடக்கட்டும். ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே பாதி இறுக்கம் போய்விடும். பினாங்கில் சனவரி, பிப்ரவரியில் காற்று காயும்போது அதே இழுப்பறை தானாக ஓடும். மழையில் இழைத்த பலகை அப்போது லொடலொடவென்று ஆடும்.

சாமி மேடையாக இருந்த அலமாரி

துடைப்பதில் தொடங்குங்கள். உப்புத்தாளைப் பெட்டிக்குள் பூட்டிவையுங்கள். எப்படித் துடைப்பது என்பதற்குப் பிறை என்ற ஊரில் ஓர் அம்மா வீட்டில் நான் எடுத்த ஜி பிளான் அலமாரியைச் சொல்கிறேன். நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் நம் வீடுகளில் இவ்வகை அலமாரி சாமி மேடையாகிவிடுகிறது. மேற்பரப்பில் விளக்கில் ஊற்றிய எண்ணெய் பல வருடம் வழிந்து தேன்நிறத்தில் இறுகியிருந்தது. அதன் மேல் ஊதுபத்திச் சாம்பலும் புகையும். ஓரத்தில் மஞ்சள் கறை, குங்குமச் சிவப்பு, நடுவில் கற்பூரம் எரிந்த கரிய வட்டம்.

"தம்பி, இதெல்லாம் போய்விடுமா?" என்று கேட்டார்.

"எண்ணெய் வரும் அம்மா, மஞ்சளும் மங்கும். மரமே கரிந்த இடம் மட்டும் இருக்கும்" என்றேன்.

பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, இறுகிய எண்ணெயை வரியோடு சேர்த்துச் சுரண்டினால் சுருள் சுருளாக எழும். உலோகத் தகடு வேண்டாம். மிச்சத்தை டர்பன்டைனில் நனைத்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரே அழுக்குப் பக்கத்தால் தேய்த்தால் கறை இடம் மாறுமே தவிர வெளியேறாது. வெனீருக்குள் ஊறிய எண்ணெய்க்கு, முகப்பவுடரை டர்பன்டைனில் பசை போலக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் மூடி ஒரு இரவு வைக்க வேண்டும். காலையில் மூடியை எடுத்துக் காயவிட்டால் பவுடர் எண்ணெயை இழுத்து மஞ்சளித்திருக்கும். துலக்கிவிட்டு மறுபடி அப்புங்கள். மஞ்சள் கறைக்கு வெயில் போதும். மஞ்சளின் நிறம் ஒளியில் சிதைந்துவிடும், சன்னலோரம் சில நாள் வைத்தால் தெரியும். ஆனால் பக்கத்து மரமும் நிறம் மாறும் என்பதால் மற்ற இடத்தைத் தாளால் மூடுங்கள். குங்குமம் பூச்சின் மேல் நின்றிருந்தால் சோப்பு நீர் தொட்ட துணியில் வந்துவிடும். கற்பூர வட்டத்தில் பூச்சு மட்டும் கருகிய விளிம்பைத் துடைத்தெடுத்தேன். வெனீரே கரிந்த நடுப்பகுதியைத் தொடவில்லை. அங்கே தேய்த்தால் அடிப் பலகை தெரியும், அதற்கு மருந்தில்லை.

வேறு இரண்டு கறைகளும் அடிக்கடி வரும். காப்பிக் குவளை வைத்த வெள்ளை வளையம் பூச்சுக்குள் நின்ற ஈரம். பத்தில் ஒன்பது சமயம் எண்ணெய் தொட்ட மென்துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே குறையும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கியது, பெரும்பாலும் இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த வேலை. 60-களில் தேக்கோடு சேர்த்துப் பயன்படுத்திய அஃப்ரோமோசியா மரத்தில் ஒவ்வொரு இரும்புத் திருகாணியைச் சுற்றியும் நம் ஈரத்தில் இக்கறை வரும். பூச்சை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு. கையுறை கட்டாயம், காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முடிந்ததும் ஈரத்துணியால் பல முறை துடைத்தெடுக்க வேண்டும்.

ஆடும் மூட்டு

ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிப்பதும், இரும்புக் கோணத்தகடு வைப்பதும், மேலாகப் பசை விடுவதும் நம் ஊரின் மூன்று பெரிய தீங்குகள். மூட்டு ஏன் ஆடுகிறது என்று பாருங்கள். துளைக்குள் செருகிய மர நுனியான முளை ஈரத்தில் உப்புகிறது. துளை விட்டுக்கொடுக்காததால் முளையின் நார்கள் நசுங்குகின்றன. குளிர்சாதன அறையில் காயும்போது, நசுங்கிய முளை முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடுகிறது. பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. எனவே கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் ஒவ்வொரு காலுக்கும் துளைக்கும் காகிதப் பட்டையில் எண் போட்டு ஒட்டுங்கள். மரச் சுத்தியலும் துணி சுற்றிய கட்டையும் போதும். வராத மூட்டில் வெந்நீரை ஊசிக்குழலால் விட்டுக் காத்திருங்கள். எர்கால் விண்ட்சர் நாற்காலிகள் பலவற்றில் கால் இருக்கையை ஊடுருவி மேலே வந்து ஆப்பால் இறுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு தெரியும். அந்த ஆப்பைச் சிறு துளையிட்டு, நுனி உளியால் துகள் துகளாக எடுத்த பிறகே கால் இறங்கும். புது ஆப்பைப் பீச் போன்ற இறுக்கமான மரத்தில் சீவுங்கள். அது இருக்கைப் பலகையின் வரிக்குக் குறுக்காக நிற்க வேண்டும். வரியோடு சேர்த்து அடித்தால் இருக்கை இரண்டாகப் பிளக்கும்.

துளையிலும் முளையிலும் பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள், மரத்தைச் சுரண்டாதீர்கள். முளை சிறுத்திருந்தால் மெல்லிய மரச்சீவலைப் பசையோடு சுற்றி, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பசையில்தான் நான் அந்தக் கையேடுகளோடு உடன்படுவதில்லை. அவை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசையைச் சொல்கின்றன. பழைய முறை, பின்னால் வருபவர் எளிதாகக் கழற்றலாம். காய்ந்த நாட்டில் அதைவிட நல்லது இல்லை. இங்கே அது மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்து இளகுகிறது, பூசணமும் பிடிக்கிறது. நாற்காலி மூட்டுக்கு நான் சாதாரண வெள்ளை மரப்பசையைத்தான் வைக்கிறேன். தண்ணீர்புகா வகை வேண்டாம். சாதாரண வகையை வெந்நீராலும் வினிகராலும் நாளை ஒருவர் இளக்க முடியும். எப்பாக்சி வைத்த மூட்டை அவர் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கவ்வி இல்லாவிட்டால் நான்கு கால்களையும் கயிற்றால் சுற்றிக் குச்சியை விட்டு முறுக்குங்கள். சமதரையில் நான்கு காலும் பதிகிறதா என்று பசை காயும் முன்னேயே பாருங்கள். மழை நாட்களில் இரண்டு நாள் கட்டை அவிழ்க்க வேண்டாம்.

வெனீரும் இருக்கையும்

எழும்பிய வெனீரை வரியோடு சேர்த்துக் கூர்கத்தியால் கீறி, ஊசிக்குழலால் பசை விட்டு, எண்ணெய்த்தாள் வைத்துப் பாரமேற்றுங்கள். இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டலாம் என்பார்கள். வஜ்ஜிரமோ வெள்ளைப் பசையோ இருந்தால் சூட்டில் இளகி ஒட்டும். ஆலைகள் பயன்படுத்திய யூரியா பசை இளகாது, சூடு வீணாக மேற்பூச்சைக் கெடுக்கும். சுழல் இயந்திரத்தை வெனீர் மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

அக்கால நாற்காலிகளில் மெத்தைக்கு அடியில் பெரும்பாலும் ரப்பர் பட்டைதான். இங்கே வெயிலும் ஈரமும் பட்டு வெடித்துத் தொங்கியிருக்கும். எர்காலில் பட்டையின் இரு முனையிலும் உலோகக் கொக்கி இருக்கும். அதைக் கழற்றிப் புதுப் பட்டையில் மாட்டிக்கொள்ளலாம். பட்டையைத் திறப்பின் அகலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டி இழுத்துப் பொருத்தினால் இழுவிசை சரியாக இருக்கும். பார்க்கர் நோலில் பட்டைக்குப் பதில் சுருள்வில். துருப்பிடித்ததை மட்டும் மாற்றுங்கள். பொடிந்த நுரைமெத்தையை எறிந்துவிட்டு அதே கனத்தில் புதிது போடுங்கள். மேலுறைக்குக் காற்றுப் புகும் பருத்தி அல்லது கம்பளித் துணியே சரி. செயற்கைத் தோல் இங்கே வியர்க்கும், உரியும்.

பூச்சு

இருக்கும் பூச்சு எது என்பதைக் கண்ணில் படாத இடத்தில் சோதியுங்கள். ஸ்பிரிட் சொட்டில் பிசுபிசுத்தால் அரக்கு. அதற்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பின்னால் யாரோ அடித்த வார்னிஷ். முதல் இரண்டும் ஓரளவு நன்றாக இருந்தால் எடுக்காதீர்கள். துடைத்து, மெல்லிய மெழுகு தேய்த்தாலே போதும்.

எண்ணெய் போட்ட தேக்குக்கு மட்டும் எண்ணெய். டின்னில் 'தேக்கு எண்ணெய்' என்று விற்பது பெரும்பாலும் ஆளிவிதை அல்லது துங் எண்ணெயும் கரைப்பானும் கலந்தது. தாராளமாகத் தடவச் சொல்லும் குறிப்பை இங்கே பின்பற்றினால் ஆளிவிதை எண்ணெயே பூசணத்துக்கு உணவாகிவிடும். ஒரே ஒரு மெல்லிய பூச்சு, கால் மணி நேரத்தில் முழுதும் துடைத்தெடுத்து, ஒரு வாரம் உலரவிட்டு, மேலே மெழுகு. எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

அரக்கையும் லாக்கரையும் மழை இறங்கும் மாலையில் பூசினால் காற்றின் ஈரம் சிக்கி வெளுத்துவிடும். காய்ந்த நாளில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள்.

வீட்டில் வைக்கும்போது சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள், முதுகுப் பலகையில் பூசணம் பிடிக்காது. குளிர்சாதனக் காற்று நேரே படும் இடம் வேண்டாம். தினமும் தரை துடைக்கும் வீடுகளில் கால் நுனிதான் முதலில் உளுத்துப்போகிறது, அதற்கு நைலான் குமிழ் அடித்துவிடுங்கள். கடைசியாக ஒரு தாளில் என்ன பசை, என்ன பூச்சு, எந்தப் பாகம் புதிது, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி இழுப்பறையின் அடியிலோ இருக்கையின் கீழோ ஒட்டுங்கள். பேனா மை நம் ஈரத்தில் பரவிவிடும். பழைய லேபிளின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள்.